பெரிய பெட்டியில் கேட்டது

திருத்தணி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கவிப்பிரியாவுக்கு,

உன் நைனாவும் நானும் சுகம். மும்பையில் மழை விட்டதா? நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

உன் கோபம் தெரிகிறது. நீ வேலையை விட்டுச் சேர்ந்த இசைக்குழுவின் முதல் ஜாஸ்-ஃபங்க் இசையை ஆசையாக அனுப்பினாய். நைனா கடைசிவரை கேட்டுவிட்டு, "எல்லாரும் வாசிக்கிறாங்க, நீ மட்டும் சும்மா நின்னுகினு இருந்தியா?" என்று கேட்டுவிட்டார். அவர் குத்திக்காட்டவில்லை, கண்ணு. அந்தச் சின்னப் போனில் உன் பேஸ் கிட்டாரின் கனத்த ஒலி கேட்கவே இல்லை.

போன வாரம் எதிர்வீட்டு மஞ்சள் நீராட்டுக்கு மைக்செட் பச்சையப்பன் அண்ணன் ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகளை இறக்கியிருந்தார். என் பொண்ணு வாசித்தது, ஒரு தடவை போடுங்கள் என்றேன். "யார் பாடினது?" என்றார். பாட்டே கிடையாது, வாசிப்பு மட்டும்தான் என்றதும் சிரித்துவிட்டு, "ஆங், போட்டுடலாம்மா" என்றார்.

முதலில் உன் குழுவின் டிரம்ஸ் பெண். அடிக்கும் இடங்களைவிட, அடிக்காமல் விடும் இடங்களால்தான் ஆளை இழுக்கிறாள். பிறகு நீ வந்தாய். பந்தியில் டம்ளர் தண்ணீர் நடுங்கியது. கீபோர்டு ஏதோ கேட்கிறது. கோவாக்காரரின் சாக்ஸபோன் பதில் சொல்லாமல் மேலே மேலே போகிறது. அவர் எங்கே போனாலும் கீழே நீ அதே நாலைந்து சுரத்தோடு அசையாமல் இருக்கிறாய். நடுவில் ஒரு கணம் நிறுத்தினாயே, காலுக்கடியில் தரை இல்லாதது போலிருந்தது. அத்தனை பேரும் உன்மேல்தான் நிற்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

நைனா பந்தியிலிருந்து எச்சில் கையோடு எழுந்து வந்து, இடது உள்ளங்கையைப் பெட்டிமேல் வைத்தார். உன் தேவயானி சித்தி, "இன்னா பாவா, பொட்டிக்கு ஜொரமா?" என்றாள். "போ புள்ள, எம் பொண்ணு உள்ள வாசிக்கிறா" என்றார். முடியும்வரை கையை எடுக்கவில்லை.

அதை உன்னிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. உன் நம்பரை எடுத்துப் பார்க்கிறார், வைத்துவிடுகிறார்.

தணிகை முருகன் உன் விரல்களைக் காக்கட்டும். என் போனுக்கு வேண்டாம், அவர் போனுக்கே கூப்பிடு. முதலில் ஏதாவது ஏடாகூடமாகத்தான் கேட்பார். வைத்துவிடாதே.

உன் அம்மா,
அனுராதா