இடப்பக்க இருக்கை

அன்புள்ள மச்சானுக்கு, மண்ணறையில் இருக்கும் உங்களுக்கு என் சலாம்.

1. இதை எழுதுபவன் ரங்கூனில் வழக்கறிஞராக இருக்கும் காசிம். உங்கள் மனைவி ஜைனம்புவின் தம்பி.

2. நானே கண்டதையும் கேட்டதையும் மட்டுமே சொல்கிறேன். இதில் வரும் அச்சம் மட்டும் என் ஊகம், அதையும் மறைக்கவில்லை.

கப்பலில் எஞ்சின் வேலை பார்த்த காலத்தில் சைப்ரஸ் தீவின் படங்களைக் கொண்டுவந்து காட்டி, "ஒரு நாள் இதைக் காரிலேயே சுத்தி வருவோம்டா காசிம்" என்பீர்களே, நினைவிருக்கிறதா? துபாயில் வேலை பார்க்கும் உங்கள் மகள் சபீனா, விடுமுறைக்கு வந்த இடத்தில், அந்தப் பயணத்துக்கு எல்லா ஏற்பாடும் முடித்துவிட்டாள். அக்கா வருகிறாள். என்னையும் விடவில்லை. லிமசோலில் காரை வாடகைக்கு எடுத்து, மேற்கே கடலை ஒட்டியே போவது திட்டம். ஓட்டப்போவது சபீனா.

உங்களுக்குத் தெரிந்ததை மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நம் ரங்கூனில் சாலையின் வலப்பக்கம் போகிறோம். கார்களோ ஜப்பானிலிருந்து வந்த பழையவை; ஸ்டீயரிங்கும் வலப்பக்கமே. முன்னால் லாரி போனால், எதிரே வருவது ஓட்டுபவருக்குத் தெரியாது. இடப்பக்கம் இருப்பவர்தான் எட்டிப் பார்த்து, சரி என்பதற்குப் பர்மிய மொழியில் "யபீ" என்பார். அந்தச் சொல்லை நம்பி, ஓட்டுபவர் இடப்பக்கம் ஒடித்து முந்துவார்.

நீங்களும் அக்காவும் கியாக்தான் ஊரிலிருந்து காரில் திரும்பிய அன்றும் அப்படித்தான். அக்கா எட்டிப் பார்த்தாள். சாலை காலியாக இருந்தது. "யபீ" என்றாள். நீங்கள் முந்தினீர்கள், கிளைச்சாலையிலிருந்து பஸ் வந்தது. அவள்மீது பிழையில்லை என்பதை விபத்து விசாரணையில் நிறுவினேன். அவளிடம் மட்டும் இன்றுவரை நிறுவ முடியவில்லை. பிறகு அவள் எந்தக் காரிலும் முன்னால் உட்காரவில்லை. சோறு வெந்ததா என்று கேட்டால்கூட அந்தச் சொல் அவள் வாயில் வருவதில்லை. தலையை மட்டும் ஆட்டுவாள்.

சைப்ரஸிலும் ஸ்டீயரிங் வலப்பக்கம்தான். ஆனால் சாலையில் போவது இடப்பக்கம், முந்துவது வலப்பக்கம்.

"அப்ப நம்ம கார் மாதிரியேதானே மாமா? எதுக்கு மூஞ்சிய கோர்ட்டுல வச்சிருக்கிற மாதிரி வச்சிருக்கீங்க?" என்று சிரித்தாள் சபீனா.

நம் கார் போலவே இருக்கும் என்பதுதான் என் அச்சம், மச்சான். உள்ளே எல்லாம் பழகியதாக இருந்தால், பதறும் கை எந்தப் பக்கம் திருப்பும்?

நேற்று சாப்பாட்டு மேசையில் சபீனா தீவின் வரைபடத்தை விரித்தாள். தீப்பெட்டி கார், சர்க்கரை டப்பா லாரி. தெற்குக் கரையோரமாக, கடலை இடப்பக்கம் வைத்து, லாரியின் பின்னால் நகர்த்திக்கொண்டு போனாள்.

"முந்தாதே. மெதுவாகவே போ" என்றேன்.

"இப்படிப் போனா, சுத்தி முடிக்கிறதுக்குள்ள நோன்புப் பெருநாள் வந்துடும் மாமா!"

அவளுக்கு இடப்புறம் தேநீரோடு நின்ற அக்காவும் சிரித்தாள். சிரித்தபடியே சற்றுச் சாய்ந்து, டப்பாவுக்கு அப்பால் பார்த்தாள். "யபீ" என்றாள்.

சபீனாவின் விரல் யோசிக்கவில்லை. தீப்பெட்டி இடப்பக்கம் பாய்ந்தது. நம் சாலையில் அது முந்தும் பக்கம். அந்த வரைபடத்தில் அது கடல்.

அக்கா கோப்பையை வைத்தாள்.

"போக வேண்டாம் அக்கா" என்றேன்.

"போவேன்டா. அவுக பார்த்த கடலு. என்னைப் பின்னாடி உட்கார வச்சிரு, போதும்."

தீப்பெட்டி இன்று காலையிலும் நீலத்தின் மேல்தான் கிடக்கிறது. எடுக்க யாருக்கும் கை வரவில்லை.

ஆகவே உங்களுக்கு என் உறுதிமொழி இது. அந்தச் சொல்லைக் கேட்காமல் எந்த வண்டியையும் முந்துவதில்லை என்று சபீனா ஒப்புக்கொண்டிருக்கிறாள். இடப்பக்க இருக்கையில் நான் இருப்பேன். தீவு சுற்றி முடியும்வரை அந்தச் சொல்லை நான் சொல்லமாட்டேன்.

கிளைச்சாலைகளுக்கு யார் உறுதி தருவார், மச்சான்?

இப்படிக்கு,
உங்கள் மச்சினன்
காசிம்

சாட்சிகள்:
சபீனா, மகள்
ஜைனம்பு, மனைவி