நோயாளி தாமதமாக வந்தார்

சாத்தான்குளம்,
20.4.2025

தம்பி டாக்டர் காசிலிங்கத்துக்கு அக்கா சீனித்தாய். பேச்சு என்னுடையது, எழுத்து என் மகள் பேச்சிச்செல்வியுடையது.

நலமாகத்தான் இருப்பாய். ஸ்வீடனில் எலி நரம்பை வெட்டி வெட்டி வளர்க்கிறவனுக்கு என்ன குறை? இனிமேல் போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன். போனில் நீ சொன்னதை நம்பித்தான் இந்தக் கதிக்கு வந்தேன். சொல்வதைக் காகிதத்தில் எழுது.

ஜனவரியில் எண்ணெய் டின் மூடி வலது மணிக்கட்டைக் கிழித்த அன்றே வீடியோவில் காட்டினேன். விரல் மரத்துப்போயிருக்கே என்று கேட்டேன். "சின்ன வெட்டுதான்க்கா, வீக்கத்துல அப்படித்தான் இருக்கும். தையல் போட்டா போதும்" என்றாய். உலகத்துக்கே நரம்பு சொல்லிக்கொடுக்கிறவன் சொன்ன பிறகு வேறு டாக்டர் எதற்கு என்று மூன்று மாதம் இருந்துவிட்டேன். போன வாரம் தூத்துக்குடி டாக்டரம்மா கையைத் தட்டிப் பார்த்தாள். "நரம்பே அறுந்திருக்கே, இவ்வளவு நாளா என்ன செஞ்சிய?" என்றாள். மறுநாளே காலிலிருந்து நரம்பு எடுத்துக் கையில் வைத்துத் தைத்தாள். மெத்தப் படித்த மூஞ்சூறு கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான் உன் கதை.

கருப்பட்டிப் பாகை இரண்டு விரலால் இழுத்துப் பார்க்காமல் மிட்டாய்க்குப் பதம் தெரியாது. கடையில் அதற்கு என் கையை விட்டால் வேறு கை இல்லை. பதம் தப்பிய மிட்டாய் ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். பல் இருந்தால் கடி.

சீனித்தாய்

14.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மிட்டாய் கல்லாகத்தான் இருந்தது. தின்றுவிட்டேன். தைத்த இடத்திலிருந்து நரம்பு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும், பொறுமை வேண்டும். அன்றைக்கு வீடியோவில் வெளிச்சம் போதவில்லை. பேச்சிச்செல்வியிடம் சொல்லிக் கையைப் படம் எடுத்து அனுப்பு. என் ஆய்வுக்கும் உதவும்.

அன்புத் தம்பி,
காசிலிங்கம்

சாத்தான்குளம்,
2.9.2025

காசிலிங்கத்துக்கு,

நாளுக்கு ஒரு மில்லிமீட்டராம்! முருங்கைக் கொம்பை ஒடித்து நட்டால்கூட அதைவிடச் சீக்கிரம் துளிர்க்கும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை டேப் வைத்து அளந்தோம், பதினேழரை சென்டிமீட்டர். தினமும் பாகில் விரலை வைக்கிறேன். கொதிப்பது கண்ணுக்குத் தெரிகிறது, விரலுக்குத் தெரியவில்லை. கொப்புளம்தான் மிச்சம்.

நேற்று ஹார்பர் ஆபீஸிலிருந்து வந்த பேச்சிச்செல்வி, உன் சொற்பொழிவைப் போனில் போட்டுக் காட்டினாள். நீ கேட்டாயே என்று அனுப்பிய என் கை பெரிய திரையில் நிற்கிறது, பச்சை குத்திய தேளோடு. கோட்டு போட்டுக்கொண்டு என்ன பேசுகிறான் உன் மாமா என்று கேட்டேன். "நோயாளி மூணு மாசம் தாமதமா வந்தாங்கன்னு சொல்லுதாங்கம்மா" என்றாள்.

த்தூ! ஏலே, தாமதமாக வந்தவள் நானா? தாமதம் யாரால் என்று அதே மேடையில் ஏறிச் சொல். சொன்னால் நான் உனக்கு அக்கா. சொல்லாவிட்டால் வெறும் நோயாளி.

சீனித்தாய்

25.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அது மருத்துவத்தில் எல்லோரும் எழுதுகிற வாசகம். யாரையும் குறை சொல்வதில்லை. இப்போது போய் மாற்றினால் உன் கையைப் பற்றி எழுதிவரும் ஆய்வுக் கட்டுரையே நின்றுபோகும், கூட வேலை செய்கிறவர்களுக்கும் பாதிப்பு. நீ புரிந்துகொள்வாய். உணர்ச்சி திரும்பும் தேதியை மட்டும் தவறாமல் எழுது. கட்டுரையில் அது ஒன்றுதான் பாக்கி.

அன்புத் தம்பி,
காசிலிங்கம்

சாத்தான்குளம்,
16.11.2025

டாக்டர் காசிலிங்கம் அவர்களுக்கு,

தேதி கேட்டிருந்தீர்கள். நவம்பர் பதினான்கு, வெள்ளிக்கிழமை காலை. பாகில் விரலை வைத்தேன், சுட்டது. "யம்மா" என்று கத்திவிட்டேன். பேச்சிச்செல்வி ஓடிவந்து கையைப் பிடித்துத் தண்ணீரில் முக்கப் போனாள். "ஏளா, விடு, இன்னும் கொஞ்சம் சுடட்டும்" என்று சொல்லி அழுதேன். பேனா பிடிக்க இன்னும் வரவில்லை. ஆனால் இரண்டு விரலுக்கு நடுவில் பாகு கம்பியாக இழுபட்டது நன்றாகத் தெரிந்தது.

அன்றைக்குப் போட்ட மிட்டாய் சாயங்காலத்துக்குள் விற்றுப்போனது. உங்களுக்கு எடுத்துவைக்கவில்லை.

கட்டுரையை முடித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நோயாளி