பேஷ்கார் பங்களாவின் மாடி

கரமனை,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள நாகுவுக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

நீ ஊருக்குப் போனபின் வீடு வெறிச்சென்று இருக்கிறது. உன் அத்திம்பேருக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

மராமத்து இலாகாவுக்காக அவர் அளந்து வரைகிற அந்தப் பாழடைந்த பேஷ்கார் பங்களாவை நேற்று நானும் போய்ப் பார்த்தேன். லீவுக்கு வந்திருந்தபோது உன்னைத் தினமும் அழைத்துப் போனாரே, அதேதான். நான் கேட்டபோதெல்லாம், "மாடிப்படி இடிஞ்சு கெடக்கு, நீ வரப்படாது" என்பார்.

படி நன்றாகத்தான் இருந்தது. காவலுக்கு இருக்கும் பார்கவி, "தைரியமா ஏறிக்கோ அம்மா. சாரும் கொச்சம்மாவும் எப்பவும் மேலே இருந்தல்லோ வரைஞ்சது" என்றாள். கொச்சம்மா என்றது உன்னைத்தான். அந்தக் காலத்தில் இங்கே பெரிய அதிகாரியாக இருந்த பேஷ்கார் தம் இளையாளுக்காகக் கட்டிய மாடியாம். மூத்தவள் கடைசிவரை கீழேயே இருந்தாளாம். இந்தச் சரித்திரமெல்லாம் உனக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அவர் சொன்னதில்லை.

கூரை போன அறையில் ஜன்னல் மட்டும் இன்னும் அழகாக இருக்கிறது. அங்கிருந்து ஆறு தெரிகிறது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அவர் கீழே வந்திருக்கிறார். மேலே என் காலடிச் சத்தம் கேட்டு, "நாகுவா? எப்போ வந்தே?" என்று கூப்பிட்டார். அப்படி ஒரு சந்தோஷக் குரலை, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை.

இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

நவராத்திரிக்கு நீ வர வேண்டாம். அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அக்கா