சாரலுக்கு வாங்கிய டயர்

1983, ஆனி 7

குற்றால சீசனுக்கு ஓடும் வேனுக்கு டயர் வாங்க என் சின்ன மகனோடு தென்காசிக்குப் போனேன். கடைக்காரர் மேல்ரப்பர் ஒட்டிய பழைய டயரைக் காட்டி, "சாரல்தான ஆச்சி, மழையா கொட்டுது? இது போதும்" என்றார்.

போன வருஷம் என் தம்பியும் மூத்தவனிடம் இதையேதான் சொன்னான். செங்கோட்டை ரோட்டில், அந்தச் சாரலில், தேய்ந்த டயர் வழுக்கி மூத்தவன் போய்விட்டான். தம்பி முகத்தில் நான் இன்னும் முழிக்கவில்லை.

"வெயிலுக்கும் சாரலுக்கும் தாங்குத மாதிரி புதுசு குடுங்க அண்ணாச்சி" என்றேன். டயரின் பள்ளம் பள்ளமாக விரல் விட்டுப் பார்த்தேன்.

"யம்மா, டயர் வாங்குதியா, கத்திரிக்கா வாங்குதியா?" என்று சின்னவன் சிரித்தான். அப்படியே மூத்தவன் சிரிப்பு.

தம்பியோடு பேசாமல் இருந்துவிடலாம். "சீக்கிரம் போலே, ஆளுக காத்துக் கெடக்கு" என்று அன்று மூத்தவன் கையில் சாவியைக் கொடுத்தவள் நான். என்னோடு நான் எப்படிப் பேசாமல் இருப்பேன்?