ஒன்பதாம் நாள் அணைத்த சுவிட்ச்

இங்கிலாந்து
5.2.2004

அன்புள்ள அப்பாவுக்கு, மகிழினி வணக்கத்துடன். இங்கு நலம். உங்கள் இருமல் குறைந்ததா?

நீண்ட ஆலோசனைக்குப் பின் ஒரு முக்கிய முடிவெடுத்துள்ளேன்: இனி எந்த சுவிட்சையும் அணைப்பதில்லை.

என் ஆராய்ச்சி, எண்ணூர் அனல்மின் நிலையத்தில் நீங்கள் பார்க்கும் டர்பைன் மாதிரிதான். சுழலும் தட்டுகளுக்கு நடுவே காற்று எப்படி ஓடுகிறது, எவ்வளவு சூட்டைக் கடத்துகிறது என்று என் கம்ப்யூட்டர் பன்னிரண்டு நாள் கணக்கிட வேண்டும். விடையைப் பார்த்துத்தான் உதவித்தொகையை நீட்டிப்பார்கள். ஒன்பதாம் நாள் ஆய்வகத்திலிருந்து கிளம்பும்போது காதுக்குள் உங்கள் குரல் கேட்டது: "கரண்டு இன்னா உன் மாமியா வூட்லர்ந்தா வருது? ஆஃப் பண்ணிகினு வா." அணைத்துவிட்டேன். நேற்று முதலிலிருந்து ஓடவிட்டேன். அதன் பக்கத்திலேயே சாப்பிடுகிறேன்.

கவலை வேண்டாம். நெத்திலிக் கருவாடு கொஞ்சம் அனுப்புங்கள். வழக்கம்போல் புதன்கிழமை போன் செய்து ஏதாவது திட்டுங்கள்.

உதவித்தொகைக் கூட்டம் பதினான்காம் தேதி. கணக்கு பதினாறாம் தேதி முடியும்.

மகிழினி