முன்வரிசை

ஜபல்பூர்

அன்புள்ள அத்தைக்கு, மருமகள் பாண்டிச்செல்வியின் வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் சிம்மக்கல்லில் வாங்கிவரச் சொல்லுங்கள். நான் நன்றாக இருக்கிறேன். ரெஜிமெண்ட் ஆபீஸ் வேலை பழகிவிட்டது.

நேற்று இங்கே வீரர்கள் நினைவு நாள். உயிர்விட்டவர்களின் குடும்பத்தார்தான் முதலில் மலர்வளையம் வைக்க வேண்டும். அவர் போனபிறகு நம் ஊர் விசேஷங்களில் ஒதுங்கி நின்ற பழக்கத்தில், நான் கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நின்றுவிட்டேன். உங்கள் மகன் சிவபாண்டியின் பெயரை வாசித்தார்கள். யாரும் முன்னே வரவில்லை. மேலூர்க்கார சுபேதார் ஓடி வந்தார். "என்னம்மா, இங்க வந்து நிக்கிறீங்க? இன்னைக்கு ஜெனரலே உங்களுக்கு அடுத்துதான்" என்றார். அவசரத்தில் ஒரு செருப்பு கழன்றுவிட்டது. ஒற்றைச் செருப்போடு போய்த்தான் வைத்தேன். சிரிக்காதீர்கள்.

அடுத்த மாதம் நம் ஊர்ப் பள்ளியில் அவர் படத்தைத் திறக்கிறார்கள். "சுமங்கலியா ஒருத்தரை வச்சு விளக்கேத்திக்கிருவோம், மதினி சும்மா உக்காரட்டும்" என்று சின்ன மாமா சொன்னாராம். நீங்களும் தலையாட்டினீர்களாம். கூடாது அத்தை. மாமா இல்லாத வீட்டில் உங்கள் மகனை ஆளாக்கி அனுப்பியது நீங்கள். விளக்கை நீங்கள்தான் ஏற்ற வேண்டும்.

பருப்புப் பொடி கொஞ்சம் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை போனைச் சீக்கிரம் வைத்துவிடாதீர்கள். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் உங்கள் குக்கர் விசிலைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது. லீவு கேட்டிருக்கிறேன், கிடைத்தால் வந்து உங்கள் பக்கத்தில் நிற்பேன். கிடைக்காவிட்டாலும், தீப்பெட்டியை யார் கையிலும் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள்
பாண்டிச்செல்வி