ரயில்வே கேட்டில் நின்ற பஸ்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இங்கே எல்லோரும் நலம், என் முழங்கால் மட்டும் எதிர்க்கட்சி மாதிரி ஒத்துழைக்க மறுக்கிறது. அப்பா வாஷிங் மெஷினைத் தானே கழற்றிவிட்டு மாட்டத் தெரியாமல் முழிக்கிறார், துணியெல்லாம் வாளியில் ஊறுகிறது. தங்கைக்கு வேலையில் இடமாற்றம், இரண்டு பஸ் மாறிப் போய்வருகிறாள். போனில் பேசலாம்தான், நீ “அப்புறம் கூப்பிடறேம்மா” என்று வைத்துவிடுவாய்.

எனக்கு அலுத்துவிட்டதடா. நான் எம்.பி.யாக உட்கார்ந்திருக்கிற குழுவுக்கு, உங்கள் எல்லைக் காவல் துறையைக் கண்காணிக்கும் நாடாளுமன்றக் குழு என்று பெயர்தான் பெரிது. எதைக் கேட்டாலும் பாதுகாப்புக் காரணங்களுக்காகச் சொல்ல இயலாது என்ற ஒரே பதில். எல்லை தாண்டி வந்தவர்களை நீங்கள் அடைத்துவைக்கிற முகாமைப் பார்க்கப் போவதென்றாலும் தேதி சொல்லிவிட்டுத்தான் போவோம், அதுதான் வழக்கம். விருந்தாளி வருகிற வீடு மாதிரி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வைத்திருப்பார்கள். போன வாரம் உன் முகாமுக்கு வந்தபோதும் அப்படித்தான். நீ அன்றைக்கு லீவு என்று சொல்லியிருந்தாய். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது, மற்ற உறுப்பினர்கள் வேனில் நல்ல தூக்கம். எதிர்ப்பக்கம் திரை போட்ட பஸ் ஒன்று நின்றது. ஒருத்தி திரையை விலக்கி வெளியே பார்த்தாள், தோளில் கைக்குழந்தை. முன் சீட்டில் யூனிபார்மோடு நீ. என்னைப் பார்த்ததும் தொப்பியை இறக்கிக்கொண்டாய். பெற்றவளுக்கா அடையாளம் தெரியாது?

முகாமில் கட்டில்களெல்லாம் காலி. “எல்லாரையும் முறைப்படி விடுவிச்சாச்சும்மா, யாருமே இல்ல” என்றார் உன் அதிகாரி. சமையலறையில் மட்டும் அண்டா நிறையச் சாப்பாடு ஆறிக்கிடந்தது. குறையொன்றும் காணவில்லை என்ற அறிக்கையில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், நான் கண்ணாடி கொண்டுவரவில்லை என்று புளுகித் தப்பித்து வந்தேன். அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் குழந்தைக்காரியை எங்கே கொண்டுபோய் இறக்கினீர்கள்? கேட்க எங்களை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

மருமகள் உண்டாகியிருக்கிற நேரம், வேலை போய்விடுமோ என்று பயப்படுவாய். பயம் நியாயம்தான். ஆனால் செவ்வாய்க்கிழமை உங்கள் தலைமை அதிகாரி குழு முன்னால் வந்து யாரையும் எங்கும் மாற்றவில்லை என்று சொல்லப்போகிறார், நான் தலையாட்டிக்கொண்டு உட்கார முடியாது. அதற்குள் பஸ் எங்கே போனது என்று குழுவுக்கு நீயே எழுதிவிடு. உத்தரவு போட்டவர் யார் என்பதையும் சேர்த்து எழுது.

மருமகளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல், பாரம் தூக்க விடாதே. உங்கள் இருவருக்கும் பிறக்கப்போகிற பிள்ளைக்கும் என் ஆசிகள். செவ்வாய்க்கிழமையை மறந்துவிடாதே. உன்னிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் நான் உறுப்பினர் நாற்காலியிலிருந்து எழுந்து எதிரே சாட்சி நாற்காலியில் போய் உட்காருவேன். பஸ்ஸில் யாரைப் பார்த்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். உன் பெயரை என் வாயால் சொல்ல வைத்துவிடாதே, ராஜா.

இப்படிக்கு,
உன் அம்மா